ஓமத்துக்கும் ஓம் என்றவன்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், தேசிக்காய்த் தோலால் தேய்த்தும் பார்த்தேன். ஓம மணம் போகிற பாடாக இல்லை. உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போட்டால்தான் மணம் மாவில் இறங்கும் என்பாயே, அப்படியே கசக்கினேன். மாவில் இறங்கியதோ என்னவோ, என்னில் நன்றாக இறங்கிவிட்டது. ஜும்மா தொழுது வந்து, சாப்பிட்டு, பின் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேனாவிலும் அந்த மணம்தான் அடிக்கிறது.

உறைப்புப் பூரி செய்தேன். நானேதான். நீ நம்பமாட்டாய்.

எதற்காகச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "நேர வாங்க, ஒவ்வொரு பஸ் ஹோல்ட்லயும் நிப்பாட்டாம" என்பாய். பொத்துவிலிலிருந்து என் தங்கச்சி வேன் பிடித்துக்கொண்டு காலையில் வந்தாள், என்னை ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போக. அவளாக வரவில்லை. "வாறீங்களா காக்கா?" என்று போனில் கேட்டாள், நான் ஓம் என்றேன். அதை நம்பி வந்தாள்.

நீ போன பிறகு என் வாயில் வேறு சொல் வருவதில்லை. ஜனாஸாவைத் தூக்கப்போகிற நேரம் "கடைசியா ஒருக்கா முகத்தப் பாக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். பார்த்தேன். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்; உனக்கு மூச்சு முட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான். கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்க மாடு அறுப்போமா என்றார்கள், ஓம். "உம்மாட சாரியெல்லாம் இல்லாத பொம்புளையளுக்குக் குடுப்பமா வாப்பா?" என்று மகள் கேட்டாள், அதற்கும் ஓம். அலுமாரி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எதற்கு ஓம் சொன்னேன் என்பதே விளங்கியது. அப்போதும் துக்கம் வரவில்லை. இனி அலுமாரியை ஒரு கையால் தள்ளிவிட்டுக் கூட்டலாம் என்றுதான் நினைத்தேன்.

ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. பள்ளிவாசல் பக்கம் "நல்ல சபூர் உள்ள மனுசன், பொறுமசாலி" என்கிறார்கள். உன் சொந்தக்காரப் பெண்கள் குசினிக்குள் நின்று "சொட்டுக் கண்ணீர் விடல்லயேகா அந்த மனுசன், கல்லா நெஞ்சு?" என்று கதைத்தது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபமும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போம் அல்லவா, அப்படி என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். சோறு வைத்தால் தின்கிறேன். உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் தெரியாது.

ஓம் சொல்கிற வியாதி எனக்குப் புதிதில்லை என்று நீ சொல்வாய். உண்மைதான். நம் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண்தான் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறான். நானும் பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு அப்படி வந்து ஏறியவன். புறப்படும்போது என் உம்மா கையைப் பிடித்துச் சொன்னது இது: "அங்க என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு மனே. இல்ல எண்டா, பொத்துவில் மாப்பிளைக்கு மண்டக்கனம் எண்டுவாங்க." நான் உம்மா சொல் தட்டாத பிள்ளை. உன் வாப்பா "வயல் வேல தெரியுமா?" என்று கேட்டதற்கே ஓம் என்றேனே. பஸ் ஓட்டத் தெரியும், வேறென்ன தெரியும் எனக்கு? அடுத்த போகத்தில் வயல் வட்டைக்குக் கூட்டிப்போய் வரம்பில் விட்டபோது நான் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

கலியாண வாரம். முன் அறையில் விரித்த பாயில் மாப்பிள்ளை இருக்க வேண்டும். குசினிப் பக்கம் தலை காட்டக் கூடாது. உன் உம்மா என் முன்னால் வரவே மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, சுவருக்குச் சொல்வதுபோலத்தான் எனக்குச் சொல்வார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாப்பாடு. ஒரு காலை உன் உம்மா எங்கோ போயிருந்த நேரம் பார்த்து நீயே குசினிக்குள் இறங்கிவிட்டாய். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்கு உன் கால்விரல் மட்டும் தெரிய, மெல்லிய குரலில் கேட்டாய்.

"உறைப்புப் பூரி சாப்பிடுவீங்களா?"

"ஓம்."

"ஓமம் போடட்டா?"

"ஓம்."

"ஓம் எண்டீங்களா, ஓமம் எண்டீங்களா?"

"ஓம்."

உன் கால்விரல் தரையைத் தேய்த்தது. பிறகு "கொஞ்சமாவா, கூடவா?" என்றாய். அதற்கும் ஓம்தான். நீ அதைக் "கூட" என்று எடுத்துக்கொண்டாய்.

எனக்கு ஓமம் ஆகாது. சின்ன வயதில் வயிற்றுவலி வந்தால் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே அந்த ஓமத் தண்ணீர், அதை நினைத்தாலே குமட்டும். நீ கொண்டுவந்து வைத்த பூரியைக் கடித்தேன். மொறுமொறுவென்று உடைந்தது, கொச்சிக்காய் நாக்கைச் சுட்டது, அதற்குப் பின்னாலேயே அந்த மணம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து "உறைக்கிதா?" என்றாய். ஓம் என்றேன். அதோடு, பொத்துவில் மாப்பிள்ளைக்கு ஓமம் என்றால் உயிர் என்று வீட்டில் பேராகிவிட்டது. உன் உம்மா எனக்கென்று தனியாக ஒரு பேணியில் ஓமம் வாங்கி வைத்தார். கறிக்குப் போடாத குறை.

மகள் பிறந்து, அவள் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் உன்னிடம் உண்மையைச் சொல்லத் துணிந்தேன். நீ மாப் பிசைந்த கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாய். "அட அல்லாஹ்! இவ்வளவு காலமும் வாயத் தொறந்து சொல்ல ஏலாதா? ஊமைக்கா என்னக் கட்டிக் குடுத்த?" என்று ஏசிவிட்டு, சிரிக்க ஆரம்பித்து, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாய். அடுத்த வெள்ளி ஓமம் போடாமல் செய்தாய். தின்றேன். ஏதோ குறைந்தது. அதற்கடுத்த வெள்ளியும் போடவில்லை. பிளேட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்ன புள்ள இது, வெறும் மாவத் தின்ற மாதிரி இரிக்கி. அந்த எழவு ஓமத்தப் போடு" என்றேன். நீ இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று எழுதுவது?

இப்போது மகளின் கதைக்கு வருகிறேன். தங்கச்சிக்கு நான் ஓம் சொன்ன விஷயம் அவளுக்குத் தெரியவந்ததிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி வரும், சோறு வரும், பேச்சு வராது. நேற்று மருமகன்தான் என் அறை வாசலில் வந்து நின்றார். அவரைத் தெரியும்தானே உனக்கு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார், வீட்டில் வாயே திறக்கமாட்டார். மருதமுனையிலிருந்து அவரும் என்னைப் போலப் பெட்டியோடு வந்து ஏறியவர்தான். "மாமா, அவவோட ஒருக்காக் கதைங்களன்" என்றார். ஓம் என்றேன்.

மகள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். "போகவா இரிக்கவா, நீ சொல்லு புள்ள" என்றேன். அதைக் கேட்டதும்தான் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் சொல்ல மாட்டன் வாப்பா. இரிங்க எண்டு நான் கேட்டா அதுக்கும் ஓம் எண்டுவீங்க. பொத்துவில் மாமி வாங்க எண்டா அதுக்கும் ஓம். கிணத்துல குதிங்க எண்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவீங்க இப்ப. அந்த ஓம் எனக்கு வாணாம். ஒங்களுக்கு என்ன வேணுமெண்டு நீங்க சொல்லுங்க. உம்மா மௌத்தானதில இரிந்து நீங்க ஒண்டும் வேணுமெண்டு கேட்டதில்ல, வாணாமெண்டும் சொன்னதில்ல. இந்த வீட்டில நான் ஆரோட இரிக்கிறன் எண்டே எனக்கு விளங்குதில்ல."

அவள் அழுதாள். நான் நின்றேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. என்ன வேண்டும் என்று எனக்குள் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பொத்துவிலும் ஒன்றுதான், கல்முனையும் ஒன்றுதான். ஆள் இல்லாத பஸ்ஸை டிப்போவுக்குக் கொண்டுபோவதுபோல எங்கே சொன்னாலும் போய் நின்றுவிடலாம் போலிருந்தது. இதை உன்னிடம் மறைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, வருகிற தங்கச்சிக்கு என்ன கொடுப்பது என்று குசினியில் நின்றேன். மகள் இன்னும் அறையை விட்டு வெளியே வரவில்லை. கடையில் வாங்கிக் கொடுத்தால் உனக்குப் பிடிக்காது. மா இருந்தது. சரி என்று தொடங்கினேன்.

கோதுமை மாவோடு ஒரு கை அரிசி மா. மொறுமொறுப்பு அரிசி மாவில்தான் என்பாய். இடித்த கொச்சிக்காய், மஞ்சள், சின்னச்சீரகம், உப்பு, பொடியாக அரிந்த கறிவேப்பிலை, கசக்கிய ஓமம். ஒரு கரண்டி எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிக் கிளறிவிட்டு, பிறகுதான் தண்ணீர்; அதுவும் தெளித்துத் தெளித்து. மா இறுக்கமாக இருக்க வேண்டும், கை நோக வேண்டும். எனக்குக் கை நொந்தது. நீ வாரா வாரம் இதைச் செய்துகொண்டு என்னோடு சிரித்துக் கதைத்துக்கொண்டும் இருந்தாய். உருட்டுவதற்கு உன் சோடாப் போத்தலையே எடுத்தேன். மெல்லிசாக உருட்டி, முள்ளுக்கரண்டியால் குத்திவிட்டேன், இல்லாவிட்டால் பொங்கிவிடும், பொங்கினால் மொறுக்காது. இந்தப் பூரிக்கு இரண்டு பேர் வேண்டும் என்பாய். நீ உருட்டுவாய், நான் தாச்சியடியில் நின்று பொரிப்பேன். உன் உம்மா மௌத்தான பிறகு என்னை நீ குசினிக்குள் விட்டதே அந்த வேலைக்குத்தான். இன்று நானே உருட்டி, நானே ஓடிப்போய்ப் போட்டு, திரும்பி வந்து உருட்டுவதற்குள் ஒன்று சிவந்துவிட்டது, ஒன்று பச்சையாக நின்றது. வெறுத்துப்போனேன் என்று எழுத வந்தது. இல்லை, வெறுக்கவும் இல்லை. செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மருமகன் வந்து வாசலில் நின்றார். வெள்ளிக்கிழமை என்பதால் அவருடைய முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு லீவு. இந்த வீட்டுக் குசினிக்குள் அவர் கால் வைத்து நான் கண்டதில்லை; எனக்கு உன் உம்மா போட்ட சட்டத்தை அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்டிருந்தார் போல. "மாமா, நான் பொரிக்கட்டா? நீங்க உருட்டுங்க" என்றார்.

"ஓம்."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தாச்சியடிக்குப் போனார். நான் குனிந்து உருட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் வேறு மாதிரிச் சத்தம் போட்டது. நிமிர்ந்து பார்த்தால், மனிதன் அடுப்பை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, உருட்டி வைத்த அத்தனையையும் ஒன்றாகத் தாச்சிக்குள் தள்ளியிருக்கிறார். ஓரமெல்லாம் கறுக்கிறது, நடு பச்சையாகக் கிடக்கிறது, புகை வருகிறது. அடுப்படிக்குப் பாய்ந்தேன்.

"நெருப்பக் குறைங்க! என்ன மனே செய்யிறீங்க! கண் தெரியல்லையா? இது என்ன வேலிக் குப்பைக்கு வெக்கிற நெருப்பா? உறைப்புப் பூரி மெல்ல மெல்ல வேகணும்! ஒண்டு வெந்தாத்தான் மத்தது! ஒங்கிட மாமி மட்டும் கண்டிருந்தா இந்தத் தாச்சியத் தூக்கி ஒங்கிட தலையில கவுத்திருப்பா!"

அவர் பதறிப்போய் அடுப்பை அணைத்தே விட்டார். நான் போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றேன். நீ போன பிறகு உன்னைப் பற்றி என் வாயால் ஒரு வார்த்தை சொன்னது அப்போதுதான். மருமகனிடம் இப்படிக் கத்திவிட்டோமே, மாப்பிள்ளை மரியாதை என்னாவது என்று தலை குனிந்தேன். சத்தம் கேட்டு மகள் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையும் பார்த்தாள், கரிந்த பூரியையும் பார்த்தாள், புருஷனின் முகத்தையும் பார்த்தாள். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் வாய் சிரிக்கிறது.

"வாப்பா," என்றாள், "இன்னொருக்கா ஏசுங்களன்."

மருமகன் கரிந்ததை அள்ளி ஒரு பக்கம் வைத்தார். "நான் பாடம் படிச்சிட்டன் மாமா. ஒண்டொண்டாப் போடுறன்" என்றார். பிறகு ஒழுங்காகப் பொரித்தார். மகள் பிளேட்டில் அடுக்கினாள். ஒன்றை உடைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். ருசி தெரிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் உறைப்பு தெரிந்தது. உறைக்கிறது என்று சொன்னேன். மகள் கொச்சிக்காய் கூடிவிட்டது என்றாள். கூடவில்லை, இதுதான் கணக்கு என்றேன். கொஞ்ச நேரம் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம்.

தங்கச்சி வந்தாள். வழியில் கோமாரி தாண்டியதிலிருந்து வேன்காரன் ஓடின ஓட்டத்தில் தலை சுற்றுகிறது என்று முறையிட்டுக்கொண்டே வந்தாள். பூரியைத் தின்றாள். "மச்சிட கைதான் காக்கா, அச்சொட்டா மச்சிட கை" என்று உன்னை நினைத்துக் கண்ணைத் துடைத்தாள். தேத்தண்ணி குடித்தாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "உடுப்புப் பெட்டி எங்க காக்கா? ஜும்மாவுக்கு முந்திப் போய்ச் சேரணும்" என்றாள்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். மருமகன் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"நான் வரல்ல" என்றேன்.

"என்ன காக்கா? போன்ல ஓம் எண்டீங்களே!"

"ஓம் எண்டன். இப்ப வரல்ல எண்டுறன்."

அவளுக்குக் கோபம் வந்தது. பாசக்காரி, என் மேல் உள்ள பாசத்தில்தான் வந்தது. "புள்ளைட வீடு காக்கா இது. மருமகன் தங்கமான ஆள்தான், நான் குற சொல்லல்ல. எண்டாலும் நாளைக்கு ஒரு சொல்லு வந்திட்டா எங்க போவீங்க? மச்சி இரிந்தா அது வேற. மாப்பிளையா வந்த வீடு. பொஞ்சாதி மௌத்தானத்துக்குப் பொறகு ஆம்புளைக்கு இஞ்ச என்ன முற இரிக்கி?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

"அவதான் மௌத்தாப் போன. நான் இன்னும் இந்த வீட்டு மாப்பிளதான்."

தங்கச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மகள் மிச்சப் பூரியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். வேனடியில் நின்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், மருமகன் மூக்கைத் துடைத்தார். வேன்காரன் ரிவேர்ஸ் எடுத்த இலட்சணத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இப்போது இதை எழுதும்போதும் வரவில்லை. வரும் என்று மகள் சொல்கிறாள். வந்தால் உன்னிடம் வருகிறேன். பொத்துவிலிலிருந்து என்றால் பஸ் பிடிக்க வேண்டும். இங்கிருந்து நீ அடங்கியிருக்கிற மையவாடி நடக்கிற தூரம்தான்.